சென்னையிலிருந்து அரிசி, பருப்பு, மசாலா ஏற்றுமதி: மண்டியில் தொடங்கி கப்பல் ஏறும் வரை

நான் அனுப்பிய முதல் கன்டெய்னர் இட்லி அரிசி. சிங்கப்பூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் போனது. லைசென்ஸ், பேங்க், கஸ்டம்ஸ் என்று காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்தது. அரிசிதான் சரியில்லை. ஆலையிலிருந்து மாதிரிக்கு வந்தது ஓராண்டு பழைய அரிசி. லோடில் புது அரிசி கலந்திருந்தது. மேலடுக்கு மூட்டைகளை மட்டும் குத்திப் பார்த்துவிட்டு சரி என்று ஏற்றிவிட்டேன். இட்லி ஒட்டுகிறது என்று அங்கே கடை கடையாக மூட்டைகள் திரும்பி வந்தன. விலையைக் குறைத்துக் கொடுத்துத்தான் அந்த உறவைக் காப்பாற்ற முடிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன். அவற்றை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். சரக்கு வாங்குவது, சோதிப்பது, ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும்தான் அதிக இடம். புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவது இந்த மூன்றில்தான்.

முதல் படி: ஒரு சரக்கு, ஒரு நாடு

“அரிசி, பருப்பு, மிளகாய், மஞ்சள், எள் எல்லாம் அனுப்புவோம்” என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒவ்வொரு சரக்குக்கும் வாரியம் வேறு, சோதனை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

சென்னையில் இருப்பவருக்கு எது வசதி என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். அரிசி என்றால் செங்குன்றம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆலைகளும் மண்டிகளும் அங்கே நிறைய. ஆரணி அரிசியும், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து நிலக்கடலையும் லாரியில் சில மணி நேரத்தில் வந்து சேரும். நெல்லூர் அரிசி, குண்டூர் மிளகாய் இரண்டுக்கும் சென்னைத் துறைமுகம் இயல்பான வழி. ஆனால் ஈரோட்டு மஞ்சளையும் விருதுநகர் மல்லி, வத்தலையும் சென்னைக்குக் கொண்டுவந்து ஏற்றும் முன் தூத்துக்குடிக்கு ஆகும் செலவையும் ஒரு முறை கணக்குப் போடுங்கள். பல நேரம் தூத்துக்குடிதான் ஜெயிக்கும். சென்னைக்காரர் என்பதற்காகச் சென்னையிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நாட்டைப் பொறுத்தவரை, நம் ஆட்கள் சாப்பிடும் இடத்தில் தொடங்குவது நல்லது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பொன்னி, இட்லி அரிசி, சீரகச் சம்பா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். அங்கே இருக்கும் வியாபாரியிடம் தமிழில் பேசலாம். சரக்கில் குறை இருந்தால் அவரும் தமிழிலேயே சொல்வார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் நல்ல சந்தைகள்தான். ஆனால் அங்கே பூச்சிமருந்து எச்ச அளவு மிகக் கடுமை. முதல் ஆண்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

கலவைக் கன்டெய்னர் ஒரு பெரிய ஆசை. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் உளுந்து, கொஞ்சம் புளி, மிளகாய்த்தூள் என்று ஒரே பெட்டியில் கேட்பார்கள். லாபம் கூடுதலாகத் தெரியும். ஆனால் ஒரு பொருளின் சான்றிதழ் தாமதமானால் மொத்தப் பெட்டியும் நிற்கும். நான்கைந்து தனிச் சரக்கு அனுப்பிப் பழகிய பிறகு அதில் கை வையுங்கள்.

இரண்டாம் படி: பதிவுகள்

முதலில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி. அடுத்து டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) இணையதளத்தில் ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண். கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் அதில் உள்ள விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கிப்போகும். அது சரக்கு துறைமுகத்தில் நிற்கும் நாளில்தான் தெரியவரும். டிஜிஎஃப்டியின் சென்னை அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிந்துவிடும்.

அரிசி, சிறுதானியம், பருப்பு, நிலக்கடலைக்கு அபேடாவின் (வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) உறுப்பினர் சான்றிதழ் வேண்டும். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், மிளகு என்றால் ஸ்பைசஸ் போர்டு பதிவு. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய லைசென்ஸ் தேவை. உள்ளூர்க் கடைக்கு எடுத்த சாதாரணப் பதிவு ஏற்றுமதிக்குப் போதாது. ஜிஎஸ்டியில் எல்யூடி என்ற உறுதிமொழியைக் கொடுத்தால் ஐஜிஎஸ்டி என்ற வரியைக் கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

உங்கள் பேங்க்கின் ஏடி கோடை (அந்நியச் செலாவணி அனுமதி பெற்ற பேங்க் கிளையின் எண்) நீங்கள் பயன்படுத்தப்போகும் துறைமுகத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றும் கஸ்டம்ஸ் கணக்கில் தனித்தனி. கடைசி நேரத்தில் கப்பல் கம்பெனி காட்டுப்பள்ளிக்கு மாற்றிவிடுவது நடக்கிற காரியம். ஆகவே மூன்றிலும் முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

மூன்றாம் படி: இன்றைக்கு அனுப்ப அனுமதி இருக்கிறதா?

தானிய ஏற்றுமதியில் அரசின் ஓர் அறிவிப்பு உங்கள் முழு ஆர்டரையும் ஒரே இரவில் நிறுத்திவிடும். கோதுமை ஏற்றுமதி 2022 மே 13 அன்று அப்படித்தான் நின்றது. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு 2023 ஜூலை 20 அன்று தடை வந்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. வெள்ளை அரிசித் தடை விலக 2024 செப்டம்பர் கடைசி வரை ஆனது. அந்த நாட்களில் அமெரிக்காவில் நம் மக்கள் கடைகளில் அரிசி மூட்டைக்கு வரிசையில் நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே விலை சொல்வதற்கு முன் உங்கள் சரக்கின் எட்டு இலக்க எச்எஸ் கோடை (கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் எண்) எடுத்து டிஜிஎஃப்டி அறிவிப்புகளில் தேடுங்கள். அரிசி 1006 என்று தொடங்கும், பருப்பு வகைகள் 0713, சிறுதானியம் 1008, மிளகும் மிளகாயும் 0904, மஞ்சள் 0910, எள் 1207. கம்புக்கும் கோதுமைக்கும், பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் விதி வேறுபடலாம். பாஸ்மதி அல்லாத அரிசியின் ஒப்பந்தத்தை அபேடாவில் பதிந்த பிறகே ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: அரசு தடை விதித்தால் இரு தரப்புக்கும் பொறுப்பில்லை, முன்பணம் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும். இந்த ஒரு வரி இல்லாமல் 2023இல் தவித்தவர்கள் பலர்.

நான்காம் படி: சரக்கு வாங்குவது

1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. ஆனால் அந்தத் தெருக்களில் மளிகை, பருப்பு, மசாலா மொத்தக் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஒரு வாரம் காலையில் அங்கே போய்ச் சும்மா நில்லுங்கள். விலை எப்படிப் பேசுகிறார்கள், எந்த ஊர்ச் சரக்குக்கு என்ன பெயர், தரகு எவ்வளவு என்பதெல்லாம் காதில் விழும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ஏற்றுமதிக்கான முழு லோடையும் அங்கே வாங்க வேண்டாம். அங்கே பல கை மாறி வந்திருக்கும். எந்த ஊர், எந்த அறுவடை என்று உறுதியாகச் சொல்ல ஆள் கிடைக்காது. அரிசியை ஆலையிலும், மசாலாவையும் கடலையையும் விளையும் ஊரின் மண்டியிலும் வாங்குங்கள்.

ஆலைக்காரரிடம் “நல்ல பொன்னி வேண்டும்” என்று சொன்னால் அதற்கு நூறு அர்த்தம். சொல்ல வேண்டியது இப்படி: ரகம் எது, பச்சையா புழுங்கலா, எத்தனை மாதம் பழையது, நொய் எத்தனை சதவீதம், ஈரப்பதம் எவ்வளவு, கருப்பரிசியும் கல்லும் எவ்வளவு வரை சம்மதம், சார்டெக்ஸ் (நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) போட்டதா, பாலிஷ் எப்படி. அரிசிக்கு ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. கடல் பயணத்துக்கு அதற்கும் கீழே கேட்பேன். ஒரு சின்ன ஈரப்பதமானியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆலையின் மீட்டரை நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை; இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டினால் இருவருக்கும் நிம்மதி.

மாதிரி எடுப்பதில்தான் நான் சறுக்கினேன். இப்போது செய்வது இது. விலை பேசும்போது ஆலை தரும் மாதிரியை மூன்றாகப் பிரித்து, மூன்றையும் இருவரும் கையெழுத்திட்ட பையில் சீல் வைப்போம். ஒன்று ஆலைக்கு, ஒன்று எனக்கு, ஒன்று வெளிநாட்டு வியாபாரிக்கு. லோடு தயாரானதும் குத்தூசியோடு நானோ என் ஆளோ போவோம். அடுக்கின் மேல், நடு, அடி, சுவரோரம் என்று பத்தில் ஒரு மூட்டையாவது குத்துவோம். எடுத்ததை எல்லாம் ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, சீல் வைத்த பையைப் பிரித்து பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கைப்பிடி சமைத்தும் பார்ப்போம். பழைய அரிசி, புது அரிசி வித்தியாசத்தை எந்தப் பேப்பரையும்விட ஒரு வேளைச் சோறு தெளிவாகக் காட்டிவிடும்.

மூட்டை எடையைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பொதிந்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு, உள்ளூரில் 26 கிலோ சிப்பம் சகஜமாகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர் கேட்டது 25ஆக இருந்து, ஆலை பழக்கத்தில் 26 போட்டுவிட்டால் 1,000 மூட்டைக்கு ஒரு டன் வித்தியாசம்.

ஐந்தாம் படி: சோதனை

லேப் சோதனையைச் செலவாக நினைப்பவர்கள் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன கப்பல் கட்டணம், வந்த கப்பல் கட்டணம், இரண்டு துறைமுகத்திலும் வாடகை, மீண்டும் இங்கே இறக்குமதி விதிகள். சரக்கின் விலையைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு சரக்கிலும் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. கடலை சரியாகக் காயாமல் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பாவின் வரம்பு கிலோவுக்கு வெறும் 4 மைக்ரோகிராம், அதிலும் பி1 வகை 2க்குள். அரிசியில் டிரைசைக்ளசோல், நெல் குலைநோய்க்கு அடிக்கிற மருந்து. ஐரோப்பா அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வயலில் ஒரு தெளிப்பு கூடிவிட்டால்கூட ஆலையில் கழுவிப் போக்க முடியாது. அதனால்தான் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் விவசாயியோடு நேரடியாகப் பேசுகிறார்கள்.

எள்ளிலும் மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு. கிருமி நீக்கப் பயன்படுத்தும் வாயு அது. சால்மோனெல்லா பயத்தில் அதைப் போட்டார்கள். 2020 செப்டம்பரில் பெல்ஜியம் நம் எள்ளில் அதைக் கண்டுபிடித்ததும் ஐரோப்பா முழுக்கப் பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சில இந்திய மசாலாத் தூள்களுக்கு அதே காரணத்தால் சிக்கல் வந்தது. மிளகாய்த்தூளில் கூடுதலாகச் சூடான் சாயத்தையும் பார்க்க வேண்டும். கிருமி நீக்க நீராவி முறை இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தாய் தன் குழந்தைக்குச் சமைக்கும் பொருளில் நச்சு வாயுவின் எச்சம் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப்பாகப் பார்த்துக் கொடுங்கள். அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனைக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதிரியை லேப் ஆளே வந்து எடுத்தால் நல்லது. நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் ரிப்போர்ட்டில் “அனுப்பப்பட்ட மாதிரிக்கு மட்டும்” என்று எழுதிவிடுவார்கள்.

ஆறாம் படி: விலை

20 அடிக் கன்டெய்னரில் 25 கிலோ மூட்டையாக 1,000 மூட்டை, அதாவது 25 டன் அரிசி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆலை விலை கிலோ 45 ரூபாய் என்றால் 11,25,000. அதன்மேல் பை, அச்சு, லாரி, ஏற்றுகூலி, லேப், புகையூட்டல் (வண்டு, பூச்சியை வாயுவால் கொல்வது), சான்றிதழ்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட், சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கு), துறைமுகக் கட்டணம், பேங்க் கமிஷன் எல்லாம் சேர்ந்து 1,25,000 என்று எடுத்தால் கிலோவுக்கு 5 ரூபாய். கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்ஓபி அடக்கம் 50. இரண்டு ரூபாய் லாபம் வைத்து 52 என்று டாலரில் சொல்கிறீர்கள். பணம் வருவதற்குள் ரூபாய் 2 சதவீதம் வலுவானால் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போய்விடும். பாதி லாபம் காலி. பேங்க்கில் ஃபார்வர்டு போட்டு டாலர் விலையைப் பூட்டிவைப்பதை முதல் ஆர்டரிலிருந்தே பழகுங்கள். இந்த எண்கள் உதாரணம்தான். உங்கள் எண்களைப் போட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

சிஐஎஃப் விலை கேட்டால் கப்பல் வாடகையும் இன்சூரன்சும் சேரும். புதியவர்கள் எஃப்ஓபியில் தொடங்குவதே நிம்மதி. கப்பல் வாடகை ஏறி இறங்கும் அடியை நாம் வாங்க வேண்டியதில்லை. ரோட்டெப், டியூட்டி டிராபேக் போன்ற, கட்டிய வரியைத் திருப்பித் தரும் சலுகை உங்கள் எச்எஸ் கோடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதை நம்பி விலையைக் குறைக்காதீர்கள், விகிதம் மாறும்.

ஏழாம் படி: பணம்

அறிமுகம் இல்லாதவருக்குக் கடனுக்கு அனுப்பாதீர்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) நகலைக் காட்டியதும் என்பது நடைமுறையில் அதிகம். மீதிப் பணம் கணக்கில் விழும் வரை அசல் பில் ஆஃப் லேடிங் உங்கள் பீரோவில் இருக்கட்டும். சரக்கின் சாவி அதுதான்.

எல்சி (வாங்குபவரின் பேங்க் தரும் பண உறுதிக் கடிதம்) என்றால் வரும் நாளிலேயே உங்கள் பேங்க்கிடமும் ஏஜென்ட்டிடமும் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எல்சியில் ஒரு பெயர், இன்வாய்சில் வேறு எழுத்து என்றால் பணம் நிற்கும். எல்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600இன்படி, எல்சியில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பல் ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். செய்ய முடியாத நிபந்தனை இருந்தால் சரக்கு வாங்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

வாங்குபவர் பணம் தராமல் போகும் அபாயத்துக்கு மத்திய அரசு நிறுவனமான ஈசிஜிசியின் காப்பீடு இருக்கிறது. அவரது பெயரைக் கொடுத்தால் கடன் வரம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பதிலே ஒரு நல்ல சோதனை. ஏதோ ஒரு நாட்டின் அரசு டெண்டர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது, பதிவுக் கட்டணமோ வக்கீல் கட்டணமோ மட்டும் அனுப்புங்கள் என்று வரும் மெயில் முழு மோசடி. வாங்குகிறவர் நம்மிடம் பணம் கேட்கவே காரணம் இல்லை.

எட்டாம் படி: புகையூட்டல், ஏற்றுதல்

சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவரச் சான்றிதழ் கேட்கும் நாடுகளுக்கு மீனம்பாக்கத்தில் உள்ள பிளான்ட் குவாரண்டைன் நிலையத்தில் இணைய வழியில் விண்ணப்பிக்க வேண்டும். புகையூட்டலை அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிதான் செய்ய வேண்டும். பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு; கன்டெய்னரை மூடி ஐந்து முதல் ஏழு நாள் வரை வைக்க வேண்டியிருக்கும். கப்பல் நாளை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அவசரத்தில் இரண்டு நாளில் திறந்தால் வண்டின் முட்டை பிழைத்துக்கொள்ளும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் வண்டு பறக்கும். அந்த வாயு ஆளைக் கொல்லும். காற்றோட்டம் விட்டு, அளந்து பார்க்காமல் எந்த லோடுமேனையும் உள்ளே அனுப்பாதீர்கள். இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

காலிக் கன்டெய்னர் வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் ஓட்டை, திருப்பி அனுப்புங்கள். மூக்கை நம்புங்கள்: முன்பு ரசாயனமோ தோலோ ஏற்றிய வாடை இருந்தால் அரிசி அதை வாங்கிக்கொள்ளும். தரையைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரியும். சுவரிலும் தரையிலும் கிராஃப்ட் பேப்பர் ஒட்டி, மேலே ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது கூரையில் நீர் கோத்து மூட்டைமேல் சொட்டும். மேலடுக்கு பூசணம் பிடிப்பது அதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் கூரையுள்ள இடத்தில் மட்டுமே ஏற்றுங்கள். தூறல்தானே என்று விட்ட ஒரு மாலைக்கு நான் பத்து மூட்டை கொடுத்திருக்கிறேன். மரப் பலகை வைத்தால், பூச்சி நீக்கிய மரம் என்று காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும்.

மூட்டை எண்ணிக்கையை உங்கள் ஆள் ஒருவர், லாரி ஆள் ஒருவர் எனத் தனித்தனியாக எண்ணட்டும். கால்வாசி, பாதி, முழுசு, கதவு மூடியது, சீல் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதியை அந்தப் போட்டோக்களே தீர்க்கும்.

ஒன்பதாம் படி: துறைமுகம்

கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைப் பார்க்காமல், அவர் தானியச் சரக்கு எத்தனை பார்த்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் இணையதளத்தில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதி அறிவிப்பு ஆவணம்) போடுவார். சோதனை தேவைப்பட்டால் அதிகாரி பார்ப்பார். பிறகு ஏற்றுமதி அனுமதி வரும். கன்டெய்னரின் மொத்த எடையைச் சான்றோடு தருவது 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். எடை வித்தியாசப்பட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

மணலி, எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை எப்போது நீளும் என்று யாரும் சொல்ல முடியாது. கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு ஒரு நாள் முன்பே பெட்டி உள்ளே போகும்படி திட்டமிடுங்கள். சான்றுகளில், சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் மூலச் சான்றிதழை மறக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள சீபா என்ற வர்த்தக ஒப்பந்தம், ஆசியான் ஒப்பந்தம் போன்றவற்றின் வரிச் சலுகை அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வாங்குபவருக்குக் கிடைக்கும்.

பத்தாம் படி: கப்பல் போன பிறகு

ஆவணங்களைப் பேங்க்கில் கொடுத்து, பணம் வந்ததும் அந்த ஷிப்பிங் பில்லோடு இணைத்து இ-பிஆர்சி (பணம் வந்ததற்கான மின்னணுச் சான்று) எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் பேங்க் கணக்கில் அந்தப் பில் நிலுவையாகவே நிற்கும். அடுத்த சரக்குக்கும் சலுகைக்கும் தொல்லை.

பெட்டி போய்ச் சேர்ந்த வாரத்தில் வாங்கியவருக்குப் போன் செய்யுங்கள். “அண்ணே, மூட்டை பிரிச்சீங்களா, வாசனை எப்படி இருக்கு, அடுக்கு நனையலையே?” என்று நாமே கேட்டால் சின்னக் குறை சின்னக் குறையாகவே முடியும். உங்கள் பங்கு மாதிரிப் பையில் லோடு எண் எழுதி, மீண்டும் சீல் வைத்து, அந்தச் சரக்கு அங்கே முழுவதும் விற்றுத் தீரும் வரை எலி, ஈரம் படாமல் வையுங்கள். என் அலுவலக அலமாரியில் இப்போது பதினோரு பைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் தேதி, ஆலை, சீல் எண்.